வடாமுக்கும் வானத்துக்கும் நடுவே

செருப்பை இரும்புப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள். படி குறுகல், முறுக்கிக்கொண்டு மேலே போகும். வலது கையால் பிடித்து ஏறுங்கள். இடது பக்கக் கம்பியோடு ஒரு கறுப்பு ஒயர் இறங்கி வருகிறது பாருங்கள், அதில் விரல் பட்டால் போதும், "ஒயரை ஆட்டாதீங்க!" என்று மேலேயிருந்து குரல் வரும். என் விரல் பட்டது. குரலும் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டேன்!

இது குரோம்பேட்டையில் ஒரு மொட்டை மாடி. சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டரைதான். அதற்குள் தரை தோசைக்கல் மாதிரி காய்கிறது. இந்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். மெஷின் நின்றுபோனால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நமக்கு அவர் அண்ணன்.

டீக்கடையில்தான் பழக்கம். ராக்கெட், கம்ப்யூட்டர், விமானம் என்று எந்தச் செய்தி வந்தாலும் டீ ஆறுவதற்குள் அண்ணன் ஒரு கருத்து சொல்லிவிடுவார். அது பேப்பரில் போட்டிருந்ததுபோல் இருக்காது. டிவியில் பேசியதுபோலவும் இருக்காது. கேட்டவன் வீட்டுக்குப் போகிறவரை அதையே யோசித்துக்கொண்டு போவான். இந்தக் கருத்துகளெல்லாம் எந்த அடுப்பில் வேகின்றன என்று பார்த்தே தீருவது என்றுதான் இத்தனை நாள் நச்சரித்தேன். "ஞாயித்துக்கிழமை வாங்க, ஒரு பாஸ் இருக்கு" என்று போன வாரம் வரம் கொடுத்தார். செயற்கைக்கோள் ஒன்று நம் தலைக்கு மேலே கடந்துபோகும் கால் மணி நேரத்துக்குத்தான் இங்கே பாஸ் என்று பெயர்.

மாடியில் முதலில் கண்ணில் படுவது விண்வெளி இல்லை, வடாம். பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம் இட்டிருக்கிறார் அண்ணி. வேட்டிக்கு மேலே கயிறு கட்டி, அதில் பளபளவென்று ஏழெட்டு சிடி தொங்குகின்றன. காக்கா விரட்ட! எல்லாம் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வந்தவை. காற்றில் அவை சுழலும்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் வானவில் துண்டுகள் ஓடுகின்றன. அந்தத் தொட்டிக் குழாயோடு கட்டிய பிவிசி பைப்பின் உச்சியில்தான் இன்றைய நாயகர் படுத்திருக்கிறார்: ஜன்னல் திரை மாட்டும் அலுமினியக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றும் 53 செ.மீ., நடுவே 120 டிகிரி விரித்து வைத்த ஒரு ‘வி’. அவ்வளவுதான் ஆன்டெனா. கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன மிச்ச ஒயர் அதிலிருந்து புறப்பட்டு, நான் ஆட்டிவிட்ட அதே படிக்கட்டு வழியாகச் சுற்றி, அறைக்குள் போகிறது.

அறை என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பத்துக்கு எட்டு. தலையைக் குனிந்து வாருங்கள். பழைய கதவு ஒன்றை இரண்டு மர ஸ்டூல் மேல் போட்டு மேஜையாக்கியிருக்கிறார். தாழ்ப்பாள்கூட இன்னும் அதிலேயே இருக்கிறது, அதில் சால்டரிங் அயர்ன் தொங்குகிறது. ஊறுகாய் பாட்டில்களில் கெபாசிட்டர். ஐஸ் டிரேயில் சின்னச் சின்ன ஐசி. ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளின் மடித்த பில்கள் ஆணியில் குத்தியபடி. ஈயம் உருகின வாசனையும் ஃப்ளக்ஸ் புகையும் ஜவ்வரிசிக் கஞ்சி மணமும் சேர்ந்து ஒரு நெடி வருமே, அதை எந்த ஆய்வுக்கூடத்திலும் நீங்கள் நுகர்ந்திருக்க முடியாது.

சுவரைப் பார்க்காமல் போகாதீர்கள். ஒரு பக்கம் அண்ணி எழுதிய பால் கணக்கு. அதற்குப் பக்கத்திலேயே பென்சிலால் அண்ணனின் கணக்கு. "23.8.2023 மாலை 6.04" என்று எழுதிச் சுற்றிலும் மூன்று வட்டம் போட்டிருக்கிறது. சந்திரயான்-3 தரை தொட்ட நேரம். அன்றைக்கு இரண்டு லிட்டர் பால் கூடுதலாக வாங்கியதும் பக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. "தெரு முழுக்கப் பாயசம்" என்கிறார் அண்ணன்.

இங்கே இன்னொருவரும் உண்டு. கீழ்வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறானால் டியூஷன் முடித்து நேரே இங்கே வந்துவிடுவாள். அண்ணன் அவளைக் கண்ணு என்பார். அவள் அவரை அங்கிள் என்பாள், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மேஸ்திரி அவள்தான். "அங்கிள், மொதல்ல லேப்டாப் சார்ஜ் பாருங்க. போன வாட்டி மாதிரி ஆயிடப்போவுது." அண்ணன் பேசாமல் எழுந்து சார்ஜரைச் செருகுகிறார். போன வாட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். இருவரும் பதில் சொல்லவில்லை.

மேஜைக்கு அடியில் மூன்று பழைய லேப்டாப் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: "மூணாவது வீடு", "இஸ்திரிக் கடை", "ஹிந்தி மிஸ்". 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. அடுத்த விண்டோஸ் இந்தப் பழைய பெட்டிகளை ஏற்றுக்கொள்ளாது, பாதுகாப்புக்கான சில்லு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பி வந்தவைதான் இவை. அண்ணன் ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பாருங்க, கீபோர்டு நல்லாருக்கு, ஸ்க்ரீன் நல்லாருக்கு, கீல்கூட ஆடல. கறக்கிற மாட்டைப் போயி அடிமாட்டுக்குத் தள்ளச் சொல்றாங்க." ஒவ்வொன்றாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார். கூலி கிடையாது. இஸ்திரிக்காரர் மட்டும் விடாப்பிடியாக இரண்டு சட்டை தேய்த்துக் கொடுத்துவிட்டாராம். மெமரி கொஞ்சம் கூட்டிப் போட்டால் நன்றாக ஓடும், ஆனால் 2025 கடைசியில் மெமரி விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. செயற்கை அறிவுக்காகக் கட்டும் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்களே அத்தனையும் வாங்கிக்கொள்கின்றன. "எங்கேயோ ஒரு மெஷின் கவிதை எழுதக் கத்துக்குது, இங்க இஸ்திரிக்காரர் பையன் ஆன்லைன் கிளாஸ் திக்குது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அது எனக்கும் தொற்றியது.

அடுத்து அவர் கை போனது ஓர் அஞ்சறைப் பெட்டிக்கு. எவர்சில்வர், அண்ணியின் சீர்வரிசையில் வந்தது. கடுகு, சீரகம் இருக்க வேண்டிய கிண்ணங்களில் திருகாணி. எந்தப் பொருளைப் பிரித்தாலும் மேல் மூடித் திருகாணி ஒரு கிண்ணம், உள் திருகாணி ஒரு கிண்ணம். எண்ணிப் போடுவது அவர், திரும்பப் பூட்டும்போது எண்ணிக் கொடுப்பது கண்ணு. ஒன்று குறைந்தால் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது, மூன்று பேரும் தரையில் தவழ வேண்டியதுதான். அந்த மூன்றாவது ஆள் அண்ணி!

"2024 ஜனவரி அஞ்சாம் தேதி ஞாபகம் இருக்கா?" என்றார் எண்ணிக்கொண்டே. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே அதன் பக்கவாட்டில் கதவுக்குப் பதிலாக அடைத்திருந்த தகடு பிய்த்துக்கொண்டு போனது. போயிங் 737 மேக்ஸ் 9. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அந்தத் தகடு மேலே நகராமல் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் பூட்டப்படவே இல்லை என்று விசாரணையின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. உலகம் முழுக்கப் பங்குச் சந்தை, நிர்வாகம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் அண்ணன் அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு வரி: "கழட்டினவன் கைல ஒரு கிண்ணம் இருந்திருந்தா மிச்சம் நாலு தெரிஞ்சிருக்கும்." அப்போது எனக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அந்தக் கிண்ணத்தை என் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். ஆறு திருகாணி. நானும் எண்ணினேன்.

திடீரென்று பேச்சு நின்றது. தலைக்கு மேலே ஒரு விமானம். மீனம்பாக்கம் ஓடுபாதை கூப்பிடு தூரம், இங்கே யாரும் விமானத்தோடு போட்டி போட்டுப் பேசுவதில்லை. சத்தம் தணியும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே தொடங்குகிறார்கள். கண்ணு ஒரு திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் நம் மேலே போன அதே விமானம் ஓர் அம்புக்குறியாக ஊர்கிறது. எண், உயரம், வேகம் எல்லாம் கூடவே. விமானங்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தாங்களே அறிவித்துக்கொண்டு போகின்றன. கேட்கக் காது இருந்தால் போதும். இங்கே காது என்பது பிஸ்கட் டப்பா மூடியின் நடுவே நிற்கும் 7 செ.மீ.க்கும் குறைவான ஒரு செப்புக் கம்பி, அதோடு கட்டைவிரல் அளவு ஒரு டாங்கிள். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்கென்று விற்ற சாமான் அது. வேறு பல அலைவரிசைகளையும் அதால் பிடிக்க முடியும் என்று 2012 வாக்கில் பொழுதுபோக்காளர்கள் கண்டுகொண்டார்கள். அன்றிலிருந்து உலகமெங்கும் மொட்டை மாடிகளில் இது முளைத்துவிட்டது.

இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. அண்ணன் ஓர் உடைந்த போனை எடுத்தார். ஒன்பிளஸ் ஒன், 2014-இல் வந்த மாடல், கண்ணாடியெல்லாம் சிலந்தி வலை. "இதுக்குள்ள இருக்கிற சிப்போட பேரு ஸ்னாப்டிராகன் 801. இதே சிப்தான் செவ்வாய்ல பறந்துச்சு!" நான் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இன்ஜெனூட்டி ஹெலிகாப்டர், 1.8 கிலோ. 2021 ஏப்ரல் 19-இல் முதல் முறை எழும்பியது. ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 72 தடவை பறந்தது. அதைச் சுமந்துகொண்டு போன பெர்செவரன்ஸ் ஊர்தியின் மூளையோ, 1998-இல் ஆப்பிள் விற்ற ஐமேக் கம்ப்யூட்டரில் இருந்த சிப்பின் குடும்பம், கதிர்வீச்சைத் தாங்கும்படி உரம் ஏற்றியது. அப்பனைவிடப் பிள்ளைக்குத்தான் வேகமான மூளை!

"அப்ப எதுக்கு அங்கிள் அப்பாவுக்குப் பழசு?" என்றாள் கண்ணு. பல தடவை கேட்ட கேள்விதான் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. எனக்காகக் கேட்கிறாள்.

"பழசு இல்ல கண்ணு, பழகினது."

நம் இஸ்ரோவின் விக்ரம் 3201 சிப் பற்றிச் செய்தி வந்தபோது டீக்கடையில் ஒரு பையன் உதட்டைப் பிதுக்கினானாம். சண்டிகருக்குப் பக்கத்தில் செய்தது, 180 நானோமீட்டர், இப்போது போனிலேயே மூன்று நானோமீட்டர் வந்துவிட்டதே என்று. அண்ணன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னாராம்: "பூஜ்யத்துக்குக் கீழ 55 டிகிரியிலயும் வேலை செய்யணும், மேல 125 டிகிரியிலயும் வேலை செய்யணும். உன் போனை இந்த வெயில்ல பைக் டேங்க் மேல பத்து நிமிஷம் வச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்." ராக்கெட்டுக்கு வேகம் ஓரளவு போதும், நடுவழியில் கைவிடாத மூளைதான் வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

வாயேஜர்-1 பற்றிக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். 1977-இல் கிளம்பிய விண்கலம். 2023 நவம்பரில் புரியாத பிதற்றலாக அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு பழுது. போய்த் தொட முடியாது. அப்போதே 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு சொல் போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னும் அத்தனை மணி நேரம். அண்ணன் சட்டென்று ஊறுகாய் பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்தார். "பெரிய டப்பா ஒண்ணு உடைஞ்சுபோச்சு. அதில இருந்த பருப்பு முழுசையும் கொட்ட வேற பெரிய டப்பா இல்ல. என்ன பண்ணுவீங்க? பிரிச்சுப் பிரிச்சு, இடம் இருக்கிற சின்ன டப்பாவில எல்லாம் போடணும். போட்டா மட்டும் போதுமா? துவரம்பருப்பு எங்கேன்னு தேடுறவங்களுக்கு, இங்க பாதி, அங்க பாதின்னு சீட்டு மாத்தி எழுதணும். ஒரு சீட்டு தப்பினாலும் குழம்பு கெட்டுச்சு." 2024 ஏப்ரல் 18-இல் அந்தக் கட்டளை புறப்பட்டது. 20-ஆம் தேதி வாயேஜர் தெளிவாகப் பேசியது. அன்று ஓர் அறையில் கூடியிருந்து பொறியாளர்கள் கைதட்டிய புகைப்படத்தை அண்ணன் அச்செடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார். ராக்கெட் கிளம்பும் படம் ஒன்றுகூட இந்த அறையில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கிளம்புறதை எல்லாரும் பாத்துடுறாங்க" என்றார், அவ்வளவுதான்.

அதற்காக ராக்கெட் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர் வடக்கே. வானம் தெளிந்த இரவில் ராக்கெட் கிளம்பினால் இந்தத் தெருவே மாடியேறிவிடும். வெளியே வந்து, எந்தத் திசையில் தெரியும் என்று கைநீட்டிக் காட்டினார். காட்டிய கை அப்படியே வடாம் பக்கம் இறங்கியது. நான் எதிர்பார்க்கவே இல்லை, வேட்டி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, பாதி காய்ந்த வடாம் ஒன்றை உரித்தெடுத்தார்!

"இது ஸ்ரீஹரிகோட்டா." ஒன்று வைத்தார். கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக, பெரிதாக ஒன்று. "இது இலங்கை." தெற்கு நோக்கித் துருவப் பாதைக்கு ராக்கெட் விட வேண்டும், நேரே விட்டால் இலங்கைக்கு மேலே போகும், கழன்று விழும் பாகம் ஊர்மேல் விழலாம். ஆகவே முதலில் கிழக்கே ஒதுங்கிப் போய், பிறகு தெற்கே வளைகிறது. வளைவதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவு பெரிய சுமை. "இப்ப இதைப் பாருங்க." இடப்பக்கம், கீழே, ஒரு குட்டி வடாம். "குலசேகரப்பட்டினம். திருச்செந்தூர் பக்கத்துல. இங்கேருந்து தெற்கே பாத்தா என்ன இருக்கு? கடல். மறுபடி கடல். வளையவே வேணாம்!" 2024 பிப்ரவரி 28-இல் அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 500 கிலோ வரை தூக்கும் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி அங்கிருந்துதான் நிறையப் பறக்கப் போகிறது. தசராவுக்கு வேஷம் கட்டிக்கொண்டு போகும் ஊருக்கு ராக்கெட்டும் வரப்போகிறது என்ற நினைப்பே எனக்குப் புல்லரிப்பாக இருந்தது.

"யாரு அது வடாமைப் பிய்க்கிறது?"

அண்ணி படியேறி வந்துவிட்டார். கையில் மோர்ச் செம்பு. அண்ணன் ஸ்ரீஹரிகோட்டாவை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணு இலங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். குலசை மட்டும் வேட்டியில் தனியாகக் கிடந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்களாவது இதில இடம் பாத்து மிதிங்க தம்பி" என்றார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். அந்த வெயிலில் அது தொண்டையில் இறங்கிய சுகத்தை வாயேஜருக்கு அடுத்தபடியாக எழுதியே ஆக வேண்டும்.

பாஸுக்குப் பத்து நிமிடம். இப்போதிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் மாறுகிறது. மேஜை விசிறி நிற்கிறது, அதன் மோட்டார் கரகரப்பைக் கிளப்புமாம். எல்இடி பல்பு அணைகிறது. அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே குரல் கொடுக்கிறார்: "மிக்ஸி போடாதீங்க!" பக்கத்து வீட்டிலிருந்தும் "சரி சார், எத்தனை மணி வரைக்கும்?" என்று ஒரு குரல். தெருவுக்கே பழகிவிட்டது. "அதான் நேத்தே சட்னி அரைச்சு வச்சேனே" என்கிறார் அண்ணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே விசிறியில்லாமல் நாங்கள் மூவர். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அண்ணன் நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டாமலிருக்கக் கண்ணு ஒரு துண்டை அவர் தலையில் கட்டிவிடுகிறாள்.

காத்திருக்கும் நேரத்தில் அண்ணன் ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். டிக், டாக், டிக், டாக். நொடிக்கு இரண்டு தட்டு, பழைய சுவர்க்கடிகாரம் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் ஒரு சத்தம். நோவா-15, அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள். 1998 மே மாதம் போனது, இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று கட்டினார்கள். இருபத்தேழு வருடம் உழைத்தது. அது அனுப்பும் படத்தைக் காதாலேயே கேட்கலாம். ஒவ்வொரு தட்டும் படத்தில் ஒரு கோடு. 2025 ஆகஸ்டில் அணைத்துவிட்டார்கள். அண்ணன் முதன்முதலில் வானத்திலிருந்து பிடித்த படம் அதனுடையது. அணைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆலைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு இந்த மாடியில் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைப் பதிந்திருக்கிறார். பதிவின் கடைசியில் டிக் டாக் மெல்ல மெல்ல இரைச்சலில் கரைகிறது. அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், ஒரு குழந்தை சிரிப்பு, ஒரு சைக்கிள் மணி. மூவரும் பேசவில்லை. கண்ணுதான் முதலில் மணி பார்த்தாள்.

"அங்கிள், வருது."

இப்போது வருவது ருஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள். 800 கிலோமீட்டருக்கு மேலே, வடக்கிலிருந்து. திரையில் நீலமாக ஒரு நீர்வீழ்ச்சி வழிந்துகொண்டே இருக்கிறது, அது வெறும் இரைச்சல். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் அந்த நீலத்தின் நடுவே மெல்லிய மஞ்சள் பட்டை ஒன்று புடைத்தது. அண்ணன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்துச் சன்னலில் கோடு, கோடாகப் படம். முதலில் மேகம். பிறகு வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக ஏதோ ஒன்று. "இமயமலை" என்றாள் கண்ணு, வீட்டுக்கு வந்த உறவினரைப் பெயர் சொல்லும் குரலில். அந்தப் பனி இந்த நிமிடத்துப் பனி! ஜன்னல் திரைக் கம்பி இரண்டு பிடித்து இறக்கிய பனி! என் கை நடுங்கியது.

கங்கைச் சமவெளி இறங்கியது. கீழே, இன்னும் கீழே. சட்டென்று மஞ்சள் பட்டை காணாமல் போனது. படத்தில் கறுப்பு.

"ஒயரை யாராவது ஆட்டினீங்களா?" யாரும் ஆட்டவில்லை. வெளியே ‘கா’ என்று ஒரு சத்தம். மூவரும் எட்டிப் பார்த்தோம். ஆன்டெனாவின் ஒரு கை தொங்குகிறது, அந்தக் கம்பி முனையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர் இப்போது வேட்டி ஓரத்தில் வடாமோடு நிற்கிறார். சிடி வானவில்லையெல்லாம் அவர் சட்டையே செய்யவில்லை.

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. கண்ணு வெறுங்காலோடு சுடுதரையில் ஓடி, தொட்டிச் சுவரில் ஏறி, தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் திருப்புளியோடு பின்னால். கம்பியையும் ஒயரையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கனெக்டரில் திருகாணி கழன்றிருந்தது, நல்லவேளை, விழவில்லை. "நீங்க ஸ்க்ரீனைப் பாருங்க! வந்தா கத்துங்க!" என்று என்னிடம் ஓர் உத்தரவு. எனக்கும் ஒரு பொறுப்பு! நீலம், நீலம், வெறும் நீலம். "இல்ல!" என்றேன். "இப்ப?" "இல்ல!" அண்ணி ஒரு பக்கம் காக்காவைத் துரத்துகிறார். "கால் சுடுது அங்கிள்!" "ஒரு சுத்து கண்ணு, ஒரே ஒரு சுத்து." அண்ணி தோளிலிருந்த துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்துக் கண்ணுவின் காலடியில் போட்டார். அந்த நொடியில் மஞ்சள் பட்டை எழுந்து நின்றது.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அங்கிருந்து "மிக்ஸி போடலாமா?" என்று பதில் வந்தது. "இன்னும் ஏழு நிமிஷம்!" என்றோம் நான்கு பேரும் ஒரே குரலில்.

அதன்பின் யாரும் அசையவில்லை. கோட்டுக்குக் கீழே கோடு. கடல் கறுப்பாக, கரை வளைந்து வளைந்து இறங்கியது. இதுவரை பள்ளிக்கூட வரைபடத்தில் பென்சிலால் இழுத்த கோடு, இப்போது தானாக வரைந்துகொள்கிறது. கோடியக்கரை மூக்கு. பாக் நீரிணை. மன்னார் வளைகுடாவுக்கு மேல் பஞ்சுப் பொதிபோல் மேகம். இலங்கை முழுசாக, மாங்காய் மாதிரி. அண்ணன் விரல் வடாமில் காட்டிய அதே இடத்துக்குப் போய், திரையைத் தொடாமல் நின்றது. "குலசை." அங்கே மேகம் இல்லை. தெற்கே கடல், மறுபடி கடல்.

பட்டை மெலிந்து அணைந்ததும் கணக்குப் பார்த்தோம். இரண்டு நிமிடம் போச்சு. படத்தில் நாக்பூருக்குச் சற்று மேலே தொடங்கி நெல்லூர் வரை ஒரு கறுப்புப் பட்டை. "எண்ணூறு கிலோமீட்டரைக் காக்கா முழுங்கிடுச்சு" என்றார் அண்ணன். அந்தக் கறுப்பைத் திருத்தவோ மூடவோ அவருக்கு மனமில்லை. அப்படியே சேமித்தார். கண்ணு சுவரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், தேதி போட்டு எழுதினாள்: "மீட்டியோர். முக்கால் படம். காக்கா." கறுப்புப் பட்டைக்கு மேலே இமயமும் கீழே நாமுமாக அந்தப் படம் என் போனிலும் இப்போது இருக்கிறது. இதுவரை இருபது பேருக்காவது காட்டியிருப்பேன்.

விசிறி மறுபடி சுழன்றது. பக்கத்து வீட்டில் மிக்ஸி அலறியது. அண்ணி திரையருகே குனிந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதில நம்ம வீடு எது?"

"ஒரு புள்ளிக்கு ஒரு கிலோமீட்டர்" என்றார் அண்ணன். "குரோம்பேட்டையே நாலஞ்சு புள்ளிதான்."

"சரி, அந்த நாலஞ்சு புள்ளியைக் காட்டுங்க."

அண்ணன் பெரிதாக்கிக் காட்டினார். சாம்பலும் பச்சையுமாக ஒரு குட்டிச் சதுரம். அண்ணி தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மூலையில் சாத்தியிருந்த பழைய கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார்.

"அடுத்தது நூத்தி ஒரு நிமிஷம் கழிச்சு அங்கிள்" என்று கண்ணு அலாரம் வைத்துக்கொண்டிருந்தாள். "மேற்கால, ரொம்பத் தாழ்வா. ஆனா வரும்."

நான் குடையை விரித்துக்கொண்டு, ஆன்டெனாவுக்கும் வடாமுக்கும் நடுவே போய் நின்றேன். தொட்டிமேல் காக்கா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.